அத்தியாயம் 7: குண்டாஸை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தேர்தல் வந்தால் சிந்தாதிரிப்பேட்டையில் கதவுக் கம்பிக்குள் செருகிவிட்டுப் போகும் நோட்டீஸில் மகளிர் உரிமைத் தொகை இருக்கும், கட்டணமில்லாப் பேருந்து இருக்கும், கூவம் இருக்கும், மீன் மார்க்கெட் இருக்கும். தடுப்புக் காவல் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இதே தெருக்களில் ‘குண்டாஸ்’ என்றால் என்னவென்று கேட்கிற ஆள் கிடையாது. எதிர்வீட்டுப் பையனையோ, மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவரின் தம்பியையோ ‘குண்டாஸ்ல போட்டுட்டாங்க’ என்று ஒரு முறையாவது காதில் வாங்கியிருப்பார்கள்.

இதுவரை பார்த்த ரேஷன், வீட்டுவசதி, கல்வி, வேலை எல்லாம் வந்ததா வரவில்லையா என்று எண்ணிப் பார்த்துவிடக்கூடிய விஷயங்கள். பாதுகாப்புச் சட்டம் அந்த வகையில் சேராது. நம் வீட்டுக்கு வராதவரை அது இருப்பதே தெரியாது. வந்துவிட்டால் வேறெந்தத் திட்டமும் நினைவுக்கு வராது. அதனால்தான் பலர் ஒன்று இதை அடியோடு விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் இதை மட்டுமே பிடித்துக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள். ‘இந்தக் கட்சி செய்வதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஊபா விஷயத்தில் அது நடந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை, என்ன செய்ய?’ என்று கேட்கிறவருக்காகவும், அதையே தலைகீழாகக் கேட்கிறவருக்காகவும் இந்த அத்தியாயம்.

எந்த ஓட்டுக்கு எந்தச் சட்டம்

முதலில் எந்தத் தேர்தல் என்று பாருங்கள். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது ஊபா, 1967-இல் வந்த மத்தியச் சட்டம். தேசியப் பாதுகாப்புச் சட்டம் 1980-இல் வந்தது, அதுவும் மத்தியச் சட்டம்தான். இவற்றைத் திருத்தவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால்தான் முடியும். மத்திய சென்னை தொகுதி எம்.பி.க்குப் போடும் ஓட்டில் இவற்றுக்கு இடம் உண்டு.

குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், நம் சட்டமன்றம் 1982-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் போட்டது. கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், குடிசை நில அபகரிப்பாளர் என்று ஆரம்பித்த பட்டியல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2004-இல் திருட்டு வி.சி.டி. போடுகிறவர்கள் சேர்ந்தார்கள். 2014-இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. நகரத்தில் போலீஸ் கமிஷனரும் மாவட்டத்தில் கலெக்டரும் உத்தரவு போடலாம். வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித்தர வேண்டியதில்லை, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். காரணங்களை 5 நாளுக்குள் கைதானவரிடம் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், பிறகு அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும். அந்தக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தரவில்லை. குடும்பங்கள் கடைசியில் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தில் போய் நிற்பது இதனால்தான். சட்டமன்றத் தேர்தலில் குண்டாஸைத்தான் எடைபோட வேண்டும். போலீஸ் மாநிலத்தின் கையில் இருப்பதால், மத்தியச் சட்டமே ஆனாலும் மாநிலப் போலீஸ் அதை யார் மேல் போடுகிறது என்பதும் இதே கணக்கில் வரும்.

மாநகராட்சித் தேர்தலில் இந்தப் பேச்சே வேண்டாம். கவுன்சிலருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. தெருவிளக்கையும் கழிவுநீரையும் பாருங்கள்.

பலர் மறந்துவிடும் ஒரு இணைப்பு உண்டு. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம். அவர்களைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள். 2019-இல் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்த ஊபா திருத்தம் மக்களவையில் 287–8 என்று சுலபமாகத் தேறியது. மாநிலங்களவையில் 147–42. சட்டமன்றத்துக்கு நீங்கள் போடும் ஓட்டு சுற்றிவளைத்து இந்த எண்களுக்குள்ளும் போய்ச் சேருகிறது.

2002 முதல் 2006 வரை

கட்சியின் நிலைப்பாடு என்பது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சம்பவம் போதும். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகும், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகும் வாஜ்பாய் அரசு பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலங்களவை அதைத் தோற்கடித்தது. 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளையும் கூட்டி 425–296 என்று நிறைவேற்றினார்கள். அப்போது தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தன. ம.தி.மு.க. பொடாவை ஆதரித்தது, தவறாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

மூன்றே மாதம். ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் நடந்த கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ மேல் ஜெயலலிதா அரசு அதே பொடாவைப் போட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அவர் அப்போது சிவகாசி எம்.பி. ஆகஸ்டில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறனைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ‘நக்கீரன்’ ஆசிரியர் கோபாலை. ஆதரித்துப் பேசுவது மட்டுமே பொடா குற்றம் ஆகாது, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது. வைகோ வேலூர் சிறையை விட்டு வெளியே வந்தது 2004 பிப்ரவரியில், 19 மாதம் கழித்து.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல். தி.மு.க., காங்கிரஸ், ம.தி.மு.க., பா.ம.க., இடதுசாரிகள் சேர்ந்த அணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் அள்ளியது. பொடாதான் காரணமா? அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவில் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்திருந்தார்கள். மதமாற்றத் தடைச் சட்டம் ஒரு பக்கம். கூட்டணிக் கணக்கு இன்னொரு பக்கம். ஓட்டுச்சீட்டில் காரணம் எழுத இடம் கிடையாது. எந்த ஓட்டு எதற்கு விழுந்தது என்று ஜெயலலிதாவுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனாலேயே அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பின்வாங்கினார். முடிவு வந்த சில நாளில் இலவச மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன, மதமாற்றத் தடைச் சட்டம் போனது, பத்திரிகைகள் மீதான வழக்குகளும் போயின. மொத்தமாகத் தோற்ற கட்சி எந்தக் கோபத்தையும் சின்னதென்று ஒதுக்குவதில்லை. ஒரு விஷயம் ஓட்டில் தனியாகத் தெரியாது என்பதற்காக அதை நினைத்து ஓட்டுப் போடுவது வீண் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மேலே கேளுங்கள். புதிதாக வந்த மன்மோகன் சிங் அரசு 2004 செப்டம்பர் 21 அன்று பொடாவை நீக்க ஒரு அவசரச் சட்டம் போட்டது. அதே நாளில் இன்னொரு அவசரச் சட்டம் போட்டு, பயங்கரவாதச் செயல், பயங்கரவாத அமைப்பு பற்றிய பிரிவுகளை ஊபாவுக்குள் குடியேற்றியது. போலீஸிடம் தந்த வாக்குமூலம் சாட்சியாகும் என்ற பிரிவை விட்டுவிட்டார்கள், அது நல்லது. ஆனால் பொடாவுக்கு மூன்று ஆண்டு ஆயுள்தான் என்று சட்டத்திலேயே இருந்தது. ஊபாவுக்குக் காலாவதித் தேதி இல்லை. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது, டிசம்பரில் மறுபடி திருத்தினார்கள்: குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை வைத்திருக்கலாம், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தாலே ஜாமீன் மறுக்கலாம். தி.மு.க. அப்போது மத்திய அமைச்சரவையில் இருந்தது. ‘பொடாவை ஒழித்தோம்’ என்று மேடையில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி ஓட்டுப் போட்டவர் கேட்டது வேறு, கிடைத்தது வேறு.

கதை இன்னும் முடியவில்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் இடப் பங்கீட்டில் தி.மு.க.வோடு ஒத்துவராமல் வைகோ போய்ச் சேர்ந்தது அ.தி.மு.க. அணியில். தன்னை 19 மாதம் உள்ளே வைத்தவரோடு ஒரே மேடை, 35 தொகுதி. இதை வைத்து அவரைக் கிண்டல் செய்வது சுலபம், அன்று நிறையச் செய்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடிபட்ட தி.மு.க. 1980-இல் இந்திரா காந்தியோடு கூட்டுச் சேர்ந்ததும் இதே ரகம்தான். சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பார்க் டவுன். அதை ஒட்டி இருந்த மத்தியச் சிறையில்தான் 1976-இல் மு.க. ஸ்டாலினும் மற்றவர்களும் அடைபட்டிருந்தார்கள், முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே பட்ட அடியிலிருந்து மீளவே இல்லை. அப்படிப் பட்டவர்களே பாதுகாப்புச் சட்டத்தைக் கூட்டணிக்குக் கீழே வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறார்கள். சிறை அனுபவம் உள்ள தலைவர் என்பது மரியாதைக்கு உரியது. அவருடைய கட்சி நாளைக்கு என்ன செய்யும் என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது.

பேச்சை விடுங்கள், கையைப் பாருங்கள்

எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருமே அடக்குமுறைச் சட்டத்துக்கு எதிரிதான். ஆட்சியில் என்ன செய்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள். 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் உடன் வந்த மூவர் மீதும் குண்டாஸ் பாய்ந்தது. அ.தி.மு.க. ஆட்சி. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா விவசாயிகள் உட்பட ஏழு பேர் மீது குண்டாஸ். தி.மு.க. ஆட்சி. ஊரே கொதித்ததும் ஆறு பேர் மீதான உத்தரவை அரசே திரும்பப் பெற்றது. 2024-இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது போட்ட குண்டாஸை ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, சில நாளில் இன்னொன்று போட்டார்கள், அதையும் செப்டம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அவர் பேசியது உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே தேவையில்லாத கேள்வி.

ஊபாவை எதிர்த்துப் பேசும் இடதுசாரிகளும் விலக்கில்லை. 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் இரண்டு மாணவர்கள் மீது கேரளப் போலீஸ் ஊபா போட்டபோது அங்கே ஆண்டது மார்க்சிஸ்ட் கட்சி, அந்த மாணவர்களும் அதே கட்சி உறுப்பினர்கள்.

வேட்பாளர் நல்லவர், இதையெல்லாம் எதிர்ப்பவர் என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். அவையில் கையைத் தூக்குவது வேட்பாளர் அல்ல, கட்சி. எனவே தேட வேண்டியது கட்சியின் பழைய ஓட்டு. நாடாளுமன்ற இணையதளத்தில் விவாதங்களும், ஓட்டெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியலும் இருக்கின்றன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதென்றால் பெயர்ப் பட்டியல் இருக்காது. அப்போது விவாதத்தில் அந்தக் கட்சிக்காரர் என்ன பேசினார் என்று படிக்க வேண்டியதுதான். ‘ஆதரிக்கிறோம், ஆனால் கவலை இருக்கிறது’ என்று சொன்னவரையும் ஆதரித்தவர் பக்கமே சேர்த்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

மீன் மார்க்கெட்டில் கடை போடும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்த்த அக்காவைப் பார்க்கப் போய்வர பஸ்ஸுக்குக் காசில்லை. அக்கா இருந்தது தீவுத்திடல் பக்கம் சத்தியவாணிமுத்து நகரில், 2019 கடைசியில் கூவம் சீரமைப்பென்று அந்தக் குடிசைகளைப் பிரித்தார்கள். மகனுக்கு 20 வயது, மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறான், ஒரு அடிதடி கேஸ் இருக்கிறது. கொழுந்தனார் புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், மாமூல் கேட்டு வருகிற ரவுடிகளால் நொந்தவர்.

கொழுந்தனாரிடம் குண்டாஸ் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். “நீங்க கடைல வந்து ரெண்டு நாள் உக்காருங்க, அப்புறம் பேசுங்க” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாட்சி சொல்ல ஆள் வராத ஊரில், ஒருவனை ஒரு வருஷம் தள்ளிவைத்தால்தான் தெரு மூச்சுவிடும் என்ற நிலை உண்மையிலேயே உண்டு. 1998-இல் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் இறந்த மாநிலத்தில் பாதுகாப்பே வேண்டாம் என்று யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. ஆனால் அதே கோவை வழக்கில் கைதான கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி 2007-இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகும்போது ஒன்பது ஆண்டு போயிருந்தது. இடையில் ஆட்சி இரண்டு முறை மாறியது, அவர் அங்கேயேதான் இருந்தார்.

அம்மாவின் கணக்கு வேறு மாதிரி. அவர் 1,000 ரூபாயைக் குண்டாஸோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. நிறுத்திய பணத்தை அடுத்த ஆட்சி திரும்பத் தரலாம், 2004-இல் மின்சாரம் திரும்பியதைப் போல. மகன் புழல் சிறையில் கழிக்கும் வருஷத்தை எந்த ஆட்சியும் திரும்பத் தராது. எனவே திரும்பப் பெற முடியாத இழப்பு எங்கே இருக்கிறதோ அங்கே எடை கூட வேண்டும். ஆனால் அந்த இழப்பு வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு அடிதடி கேஸோடு மார்க்கெட்டில் நிற்கும் 20 வயதுப் பையன் உள்ள வீட்டுக்கு அது கிட்டத்தில் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் தாத்தா பாட்டிக்கு வெகு தூரத்தில். அவர்கள் மருத்துவக் காப்பீட்டை முன்னால் வைத்தால் அது சுயநலம் என்று சொல்ல நான் தயாரில்லை. தூரத்தில் இருக்கிறவர்களும் கொஞ்சம் எடை வைக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் நீளும் விதத்தைப் பார்த்தால் நேற்று வி.சி.டி. விற்றவனும் இன்று வீடியோ போடுகிறவனும் அதில் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் கையில் இதே சட்டம் இருந்தால் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டில் இருக்கத்தான் போகிறது.

என் வழக்கம் இது. நின்று நிலைத்துவிட்ட ஒரு சட்டத்தை இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே மாதிரி வைத்திருந்தால், அதை வைத்து அவற்றுக்குள் தேர்வு செய்ய முடியாது. அங்கே மற்றக் கொள்கைகளே முடிவு செய்யட்டும். ஒரு கட்சி சட்டத்தைப் புதிதாக விரிக்கிறேன் என்கிறது, அல்லது போராடியவர்கள் மேல் போட்டுவிட்டு நீதிமன்றம் திட்டிய பிறகும் மறுபடி போட்டிருக்கிறது என்றால், மற்றதில் எவ்வளவு நல்லதானாலும் அதன் மதிப்பெண்ணில் பெரிதாகக் கழிப்பேன். திட்டம் நன்றாக இல்லை என்று சொல்வதற்கே ஆள் வெளியில் இருக்க வேண்டும் அல்லவா? மேல்மா விவசாயிகள் எதிர்த்தது ஒரு தொழில் கொள்கையை. அங்கே பாதுகாப்புச் சட்டமும் ‘மற்றக் கொள்கை’யும் இரண்டு விஷயமாகவே இல்லை.

வாசலில் என்ன கேட்பது

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ‘ஊபா பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?’ என்று கேட்டால் பயனில்லை. நழுவ முடியாத மாதிரி கேட்க வேண்டும்.

“அண்ணே, கூட்டம் போட்டுப் போராடுறவங்க மேல குண்டாஸ் போடமாட்டோம்னு உங்க அறிக்கைல எழுதியிருக்கா?”

“அதெல்லாம் தலைமைதான்க்கா முடிவு பண்ணும்.”

“சரி, எத்தனாம் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, நானே பாத்துக்கறேன்.”

பக்கம் சொல்லமாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் வட்டச் செயலாளரிடம் ‘அந்தத் தெருவுல ஒரு அக்கா குண்டாஸ் பத்திக் கேக்குது’ என்று சொல்வார். நாலு தெருவில் நாலு பேர் கேட்டால் அது மேலே போகும். அறிக்கையில் ஏற்கெனவே ‘நீக்குவோம்’ என்று இருந்தால் அடுத்த கேள்வி: சட்டத்தையா, பிரிவையா? எந்தப் பிரிவு? அதற்குப் பதிலாக என்ன வரும், அதற்குக் காலாவதித் தேதி உண்டா? 2004-ஐப் படித்த பிறகு இந்தக் கேள்விகளை விட முடியாது.

வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தையும் தேர்தல் ஆணையத் தளத்தில் பாருங்கள். அவர் மேல் உள்ள வழக்குகள் பிரிவு வாரியாக அதில் இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். அனுமதியில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்ததாகப் பத்து வழக்கு உள்ளவரும், நில அபகரிப்பில் ஒரே வழக்கு உள்ளவரும் ஒன்றாக மாட்டார்கள். மனுத்தாக்கல் ஆரம்பித்ததுமே இவை ஏற ஆரம்பிக்கும், வாக்குப்பதிவு வரை நேரம் இருக்கிறது. பத்திரத்தைப் பார்க்க ஒருவருக்குப் பத்து நிமிடம், கட்சியின் பழைய ஓட்டைத் தேட ஒரு சாயங்காலம். தெருவில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து கட்சிக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.